இடது கட்டைவிரல்

ஃபஹாஹீல், காலை ஒன்பதேகால்.
சலூன் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கிறது.
சுவரிலிருக்கும் வருகை மெஷின்
என் விரலைக் கேட்கிறது.
வைக்கிறேன்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
துடைத்து வைக்கிறேன்.
ப்ளீஸ் ட்ரை அகெய்ன்.
ஊதி வைக்கிறேன்.
அதற்குத் தெரிந்த ரேகை
என் விரலில் இல்லை.

அரை நாள் சம்பளம் வெட்டிய பிறகுதான்
கையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன்.
விரலிடுக்கில் பொடிப்பொடியாய்க் கொப்புளம்.
மோதிரத்தைக் கழற்றினால்
அடியில் இன்னொரு மோதிரம், சிவப்பாய்.

வெயில் என்றேன். ஏசி என்றேன்.
உப்பெடுத்த கடல்நீர்தானே குழாயில் என்றேன்.
வெள்ளிக்கிழமை நண்டு கழுவியதைக்கூடச் சொன்னேன்.
நாளைக்கு இருபத்திரண்டு தலை அலசுவதை
யாரிடமும் சொல்லவில்லை.
புதிதாய் வந்தவளுக்கு பேசின்,
மற்றவர்களுக்குக் கத்தரிக்கோல்.
அதுதான் கடை வழக்கம்.

கிளினிக்கில் டாக்டர் கேட்டார்:
லீவில் ஊருக்குப் போனால் ஆறுகிறதா?
போய் மூன்று வருஷமாகிறது டாக்டர்.
அவர் பேனாவைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தார்.

கடையில் கையுறை இல்லாமல் இல்லை.
பரோட்டா புரட்டுகிறவர் மாட்டுவாரே,
அந்தப் பிளாஸ்டிக் உறை.
நான்கு கைக்கும் ஒரே அளவு.
உள்ளே இறங்கிய கறுப்புச் சாயம்
வழி தெரியாமல் அங்கேயே தங்கிவிடும்.
ஜோவெலின் தன் கையை நீட்டினாள்.
பிமலா, முழங்கை வரை சுருட்டிக் காட்டினாள்.
அன்றிரவு மூவரும் டிப்ஸ் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம்.

நீல நைட்ரைல், சின்ன சைஸ்,
மணிக்கட்டைத் தாண்டி ஏறுவது.
ஒரு தலைக்கு ஒரு ஜோடி,
கழுவி மறுபடி மாட்டுவதில்லை.
முதலில் வெட்டு, பிறகு சாயம்:
சாயம் ஏறிய முடியை ஏன் விரலால் அளைய வேண்டும்?
பேசின் முறை வைத்து, ஆளுக்கு ஏழு தலை.
வாசனையில்லாத களிம்பு
கல்லாவுக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் எட்டுகிறாற்போல.

முதலாளியம்மா ஹுதா முகம் சுளித்தார்.
நாற்காலியிலிருந்த பெண்ணும் கண்ணாடியில் என்னைப் பார்த்து,
"கையுறை போடுமளவுக்கு
என் தலையில் என்ன இருக்கிறது?" என்றாள்.
"உங்கள் தலையில் ஒன்றுமில்லை மேடம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
நல்லவேளை, தமிழில் சொல்லவில்லை.
"டப்பாவில்தான் இருக்கிறது."

பெட்டி ஒன்றேகால் தினார்.
மூன்றாவது பெட்டியை ஹுதாவே வாங்கினார்,
விலைச்சீட்டை எங்கள் கண் படும்படி ஒட்டிவைத்து.

பத்து வாரம்.
வலது ஆள்காட்டி இன்னும் முரண்டு பிடிக்கிறது.
இன்று இடது கட்டைவிரலை வைத்தேன்.
மெஷின் சற்று யோசித்தது.
தேங்க் யூ.

மோதிரம் பர்ஸின் ஜிப்புக்குள் இருக்கிறது.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
வீடியோ காலில் கையைக் கீழே வைத்துக்கொண்டே
சாப்பிட்டீர்களா என்று கேட்கிறேன்.