செய்கூலி

ஒன்பதே காலுக்கு ஷட்டர் ஏறும்.
அதற்குள் கொண்டைக்கு வலை போட்டு
கம்பெனி கொடுத்த கவரிங் ஆரத்தை மாட்டி
நேராக நிற்க வேண்டும்.
ரவிக்கைக்குள், யாருக்கும் தெரியாமல்,
என் குண்டுமணி மாலை.

வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடிக் கடை.
இரண்டாம் தளம், கல்யாண செட்டுக்கு நான்.
நாளைக்கு நாற்பது தடவை சொல்வது:
"சேதாரம் பதினாலு சதவீதம்,
செய்கூலி தனியா இல்லக்கா, அதுலயே சேந்திருக்கு."
செய்தது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
கேட்டால் எனக்கும் தெரியாது.
கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வரும்.

மாலை செய்தவளைத் தெரியும்.
புதுப் பஸ்ஸ்டாண்டு, சேரன்மகாதேவி வண்டி நிற்கிற தூண்,
நீலத் தார்ப்பாய்.
ஆதாரில் சந்திரலேகா.
"வீட்டுல கூப்பிடுற பேரு வேற" என்றாள்.
அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"பளபளன்னு இருக்கதெல்லாம் பாம்பேலருந்து மூட்டையா வருது.
இது மட்டும் நாங்க பொறுக்குனது,
கல்லிடைக்குறிச்சிக்கு மேக்க, வேலியோரம்.
பச்சையில ஊசி ஏறாது. வேகவெச்சுக் குத்தணும்.
வெசம், புள்ள கையில குடுத்துராத."
இருநூறு சொன்னாள்.
நூற்றியிருபதுக்கு முடித்தேன்.
அன்றைக்கு வண்டியில் ஜன்னலோரமும் கிடைத்தது.

ஒரு மத்தியானம், ஆறுமுகநயினார் சார்
டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேலே போன நேரம்
கழற்றித் தராசில் வைத்தேன்.
கண்ணாடிக் கூட்டுக்குள் எண்கள் ஓடி, தயங்கி, நின்றன:
இருபத்திரண்டு கிராம் அறுநூறு மில்லி.
ஒரு காலத்தில் இந்த விதையை வைத்துத்தான்
பொன்னை நிறுத்தார்களாம்.
இப்போது ரேட் போர்டில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.
சேதாரம், நகக்கண்ணில் ஏறிய ஊசி.
செய்கூலி,
மொத்தமும் அதுதான்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வீரவநல்லூர்ப் பெண் ஒருத்தி
பதினோரு பவுன் ஆரம் பார்க்க வந்தாள்.
கொக்கி மாட்டக் குனிந்தேன், மாலை வெளியே நழுவிவிட்டது.
"இது எந்தக் கலெக்‌ஷன்?"
"சவத்த விடுட்டி, அது பஸ்ஸ்டாண்டு பாசி"
என்றாள் அம்மாக்காரி.
அவள் விடவில்லை. உள்ளங்கையை நீட்டினாள்.
வெல்வெட் தட்டில், அத்தனை மஞ்சளுக்கு நடுவே
சிவப்பு
ஒரு நிமிஷம் கிடந்தது.
நயினார் சார் இருமினார்.
மாலை உள்ளே போனது.

பில்லில் சேதாரம் மட்டும் ஒரு லட்சத்துச் சொச்சம்.
யாரும் வாய் திறக்கவில்லை.
துணிப்பை ஒன்று, காலண்டர் ஒன்று,
இன்னொரு காலண்டர் மட்டும் அவள் அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்.
பில் கவரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்:
சேரன்மகாதேவி வண்டி. தூண். நீலத் தார்ப்பாய்.

சனிக்கிழமை சந்திரலேகா சொன்னாள்:
"ஒரு பொண்ணு வந்துச்சு, மருதாணிக் கையோட."
"வாங்குச்சா?"
"இருநூறு சொன்னேன். நூறுக்குக் கேட்டுச்சு."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
அந்தப் பெண்ணைத் திட்டுவதற்கு வாயெடுத்தேன்.
குண்டுமணிக்குத் தன் முதுகுக் கறுப்பு தெரியாதாம்.
வாயை மூடிக்கொண்டு
பர்ஸிலிருந்து எண்பது ரூபாயை நீட்டினேன்.

"என்னத்துக்கு?"
"அன்னைக்குள்ள பாக்கி."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
ரூபாயை வாங்கி முந்தியில் முடிந்தாள்.
கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு காற்சரத்தை உருவி
என் காலைப் பிடித்து இழுத்து அளவு வைத்தாள்.
"சும்மா குடுத்தா வாங்குறதில்ல.
இது நூத்தம்பது. இன்னும் எழுபது எடு."

டிரைவர் ஹாரன் அடித்தான், இரண்டு தரம்.
ஒரு செருப்பு தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்.
ஒற்றைக் காலில் நின்று
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.