எதிர்ப்பு இருந்ததா

மின்சாரம் வெட்டுகிற ஆள் நான்.
அக்கித்தானியா வட்டத்தில் மூன்று மாத பாக்கிக்காரர்களின் பட்டியல்
என் சட்டைப்பையில் எப்போதும் நனைந்துகொண்டிருக்கும்.
ஏரிக்கரை ஊர். மழை இல்லாத நாளிலும்
வெங்காயத்தாள் வாசனையில் ஓர் ஈரம்.

பிறந்தது கீழே, கடலோரம், பர்ராங்கியாவில்.
எங்களூரில் மேயரும் 'நீ'தான், பாதிரியாரும் 'நீ'தான்,
மீன் வாங்க வந்தால் கடவுளையும் 'என்னப்பா' என்போம்.
மரியாதை குறைவு என்றில்லை,
அந்த வெக்கையில் நீளமான சொல் கெட்டுப்போகும்.

மலைக்கு மாற்றிப் போட்டார்கள்.
குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள்.
இங்குள்ள ஒரு சொல்லுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை:
சுமெர்சே.

'உங்கள் கருணை' என்று பண்ணையாரிடம் சொன்னார்களாம் ஒரு காலத்தில்,
தொப்பியைக் கழற்றி, தரையைப் பார்த்து.
பண்ணையார்கள் போய்விட்டார்கள்.
சொல்லைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை.
வீணாக்குவானேன் என்று
பஸ் ஓட்டுநருக்கு, பால்காரிக்கு, கட்டின கணவனுக்கு,
தொட்டில் பிள்ளைக்கு,
மேட்டில் நின்றுவிட்ட கழுதைக்கு
பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

எடெல்மிரா புலிதோ வீட்டுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை.
தோளில் ஏணி, இடுப்பில் குறடு.
இந்த வேலையில் எனக்கு எல்லாம் பழக்கம்.
கல் விழுந்திருக்கிறது, ஒருமுறை சுடுதண்ணீர்.
ஒருவன் என் அம்மாவை, அவள் அம்மாவை என்று
நாலு தலைமுறை வரை வைதான்.
இந்தம்மா குரைத்த நாயின் பக்கம் திரும்பினாள்.
"சுமெர்சே, வேலைக்கு வந்திருக்கிற மனுஷர். வழி விடுங்க."
நாய் வழி விட்டது. அதன் பெயர் சார்ஜெண்ட்.

அப்புறம் என்னிடம்:
"மண்ணு வழுக்கும் சுமெர்சே, இருங்க."
வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்,
தன் வீட்டு விளக்கை அணைக்க வந்தவனின் ஏணியை,
இரண்டு கையாலும்.

மேலிருந்து பார்த்தால் தொப்பியின் வட்டமும்
வெங்காயக் கறை படிந்த நகங்களும்தான் தெரிந்தன.
ஏதாவது சொல்லியாக வேண்டும்.
ஒரு வருஷமாக வாயில் ஒதுக்கி வைத்திருந்தது
அங்கே, கம்பத்தின் உச்சியில், கோணலாக வெளியே வந்தது.
"உத்தரவு வேணும்... சுமெர்சே."
"ஆகட்டும் சுமெர்சே."
வெட்டினேன்.
உள்ளே வானொலியில் சந்தை நிலவரம்,
வெங்காயம் கட்டு ஒன்றுக்கு,
அதோடு நின்றது.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
வாடிக்கையாளர் எதிர்ப்பு தெரிவித்தாரா: ஆம், இல்லை.
ஒரு கையில் பேனா,
மறு கையில் அவள் கொடுத்த சூடான வெல்லத் தண்ணீர்.
வேண்டாம் என்பதை அவள் மொழியில் எப்படிச் சொல்வது என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
'இல்லை'யில் குறி போட்டேன்.
அலுவலகம் வரும்வரை
பொய்ச்சாட்சி சொன்னது போலிருந்தது.

அன்றிரவு போனில் அண்ணனிடம்
வாய் தவறி "சுமெர்சே" என்றுவிட்டேன்.
"யார்ரா அது உன் பக்கத்துல?" என்றான்.

பதினோராம் நாள் பணம் கட்டினாள், அபராதத்தோடு.
இணைப்புக் கொடுக்கவும் நானே போனேன்.
நல்ல சேதி கொண்டுபோகிறவன் நடை வேறுபோல,
சார்ஜெண்டுக்குப் பிடிக்கவில்லை.
கெண்டைக்காலில் ஒரு கடி. ஆழமில்லை.

அவள் கத்தவில்லை, கை ஓங்கவில்லை.
"சார்ஜெண்ட்" என்றாள்.
வெறும் பெயர்.
பக்கத்தில் அந்தச் சொல் இல்லை.

நாய் சுவரோரம் போய்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.
ஏணியில் பாதி ஏறியிருந்த நான்
அதைப் பார்க்காதவன் மாதிரி
கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.