பதினாலாம் நம்பர் காடு

விஷத்துக்கு மருந்து என்றுதான் பேர் எங்களிடம்.
மாத்திரைக்கும் அதே பேர்.

ஆடி மாதம். கட்டபெட்டுக்கு மேலே
மூன்று நாளாய் விலகாத மஞ்சு.
மேட்டுப்பாளையத்து லாரி
மண் சரிந்து பாதி மலையில் நிற்கிறது.
கொப்புள நோயோ காத்திருக்காது.
மேலிடத்து ஆட்கள் பார்க்க வருகிறார்களாம்.
ஃபீல்டு ஆபீசர் சொன்னார்:
கொடியை நடு, டேங்கை நிரப்பு, சும்மா நடந்துகொண்டிரு.
நிரப்பினேன், ஓடைத் தண்ணீரை.
பதினாறு லிட்டர்,
கூடவே ஒரு தலைப்பிரட்டை.

சிவப்புத் துணி அசைந்ததும்
அடுத்த நிரையில் கொழுந்தெடுத்த புனிதவதி
கழுத்தைச் சொறிந்தாள்.
பிறகு ஞானசௌந்தரி.
பிறகு காற்று போன பக்கமெல்லாம்.
நடிப்பில்லை, கிட்டப் போய்ப் பார்த்தேன்:
முழங்கை மடிப்பில் கட்டெறும்பு கடித்தாற்போல்
தடித்துச் சிவந்திருந்தது.
நெஞ்சை அடைக்குதென்று கூடையை இறக்கினாள் ஒருத்தி.
அந்த வாடை வருதே என்றார்கள்.
எனக்கும் வந்தது.
ஓடையில் மொண்டவன் நான்,
எனக்கும் வந்தது.

அடுத்த செவ்வாய் லாரி ஏறி வந்தது.
கொடித்துணியைக் காணோம்;
எந்த லயத்திலோ சோற்றுப்பானை இறக்கப் போயிருக்கும்.
கொடியில்லாமலே அடித்தேன், நிஜ மருந்தை.
அடுத்த நிரையில் சீட்டுப் பணக் கணக்கு,
யாருடைய மருமகனையோ பற்றிப் பெரிய சிரிப்பு.
ஒருத்தி கையும் கழுத்துக்குப் போகவில்லை.
ராத்திரி விளக்கடியில் பார்த்தால்
என் நகக்கண்ணில் தோல் உரிந்திருந்தது.
புனிதவதி பிள்ளைக்கு இருமலாம்.
மஞ்சாகவும் இருக்கலாம்.

யாரிடம் சொல்ல?
ஆபீசரிடம் சொன்னால்
"எல்லாம் மனப்பிராந்தி, பாத்தியா" என்று
கையுறைக் காசை வெட்டுவார்.
பெண்களிடம் சொன்னால்
"அப்போ எங்களுக்கு அரிச்சது பொய்யா?"
அரித்தது பொய்யில்லை.
அடித்ததும் பொய்யில்லை.
நாள்தான் மாறிப்போனது.
இதை வைத்து எந்த ரிஜிஸ்தரில் என்ன எழுதுவது?
டிஸ்பென்சரி நர்ஸம்மா அன்றைக்கே எழுதிவிட்டார்,
பதினோரு பேர், காரணம்: மருந்து.
கொடுத்தது: மருந்து.

இன்று காலை
புதுக் கொடி கேட்டு ஸ்டோரில் கைநாட்டு வைத்தேன்.
சிவப்பு தீர்ந்துவிட்டதாம். மஞ்சள் தந்தார்கள்.
நட்டுவிட்டு நிமிர்ந்தேன்.
புனிதவதி பார்த்துக்கொண்டு நின்றாள்.
பாதி எழுந்த கை
பாதியில் நின்றது.

"அண்ணே,
மஞ்சக் கொடின்னா என்ன?"