பதினொன்று

இந்த ஊரில் மாலைத் தேநீருக்கு
ஒன்சே என்று பெயர். பதினொன்று.
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.
புதன்கிழமை ஒன்சேக்கு
எவுஃபேமியாவின் அடுக்களையில் ஏழு பேர் கூடுகிறோம்.
மண்ணெண்ணெய் அடுப்பு, கரி பிடித்த கெண்டி,
வெண்ணெய்ப்பழம் மசித்துத் தடவிய ரொட்டி,
எண்ணெய்க் கறை படிந்த ஒரு வேதாகமம்.
சன்னலுக்குக் கீழே வல்பரைசோ முழுதும்
விளக்கேற்றிக்கொண்டு கடலுக்குள் சரிகிறது.

இன்று திராட்சைத் தோட்டத்து உவமை.
விடியலில் வந்தவனுக்கும் ஒரு பணம்,
பொழுது சாய, பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும்
அதே ஒரு பணம்.
ஒர்தென்சியா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தாள்.

நசாரியோவுக்குப் பொறுக்கவில்லை.
தொழிற்சங்கத்தில் இருபது வருடம் கணக்கு எழுதியவர்.
"இது தர்மமில்லை, கூலி விகிதத்தை உடைக்கிற வேலை.
நாளைக்கு விடியலில் எவன் வருவான்?"
சிரித்தோம்.
ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டில் எத்தனை வாய் என்று
யாரும் எழுதிவைக்கவில்லையே என்றாள் எவுஃபேமியா.
தோட்டக்காரர் கடவுள் என்றாள் ஒர்தென்சியா.
எப்போதும் அதை முதலிலேயே சொல்லிவிடுவாள்,
பிறகு பேச ஒன்றும் இருக்காது.

எனக்கு உறுத்தியது வேறு:
ஒரே நாளில் ஐந்து முறை சந்தைக்குப் போகிறானே,
அந்த முதலாளிக்கு ஆள் கணக்கே தெரியாதா?
சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகக் கதவில் தினமும் காலை
விரல் நீட்டுகிறவன் நான்.
நீ, நீ, அந்தச் சிவப்புத் தொப்பி, நீ.
கப்பலில் ஏறுவதும் திராட்சைதான், பெட்டி பெட்டியாக.
நாற்பது பேர் நிற்பார்கள். இருபத்திரண்டு போதும்.
கங்காணிக்குக் கை உண்டு, கண் கிடையாது.

எதிரே ஒலெகாரியோ.
இடது கையில் இரண்டு விரல் இல்லை,
கிரேன் கொக்கி தின்றது.
இந்தப் பருவத்தில் அவரை மூன்று முறை எடுத்திருக்கிறேன்.
மூன்றா, இரண்டா.
குழுவில் சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காதவர்
தேநீர்க் கோப்பையிடம் பேசுவதுபோல் பேசினார்:

"வேலை செய்கிறவனுக்கு வெயில் மட்டும்தான்.
ஒன்பது மணிக்கு யாரும் கூப்பிடவில்லையா, வீட்டுக்குப் போகலாம்,
இன்றைக்குக் கப்பல் இல்லை என்று சொல்லலாம்.
பன்னிரண்டுக்கும் போகலாம், தலைவலி என்று.
ஐந்து வரைக்கும் நிற்கிறவன்
சொல்வதற்குப் பொய் தீர்ந்துபோனவன்.
அவன் நாளெல்லாம் சும்மா இருக்கவில்லை.
நின்றான்.
அதற்குத்தான் அந்தப் பணம் என்று நினைக்கிறேன்."

கெண்டி கொதித்து மூடி ஆடியது. யாரும் எழவில்லை.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம் என்று இருந்தது.
நசாரியோ தொண்டையைச் செருமி,
"இருந்தாலும் விகிதம் விகிதம்தான்" என்றார்,
குரல் இறங்கிப்போய்.
ஜெபம் பண்ணினோம். ஆமென்
ரொட்டித்துண்டு போல என் தொண்டையில் நின்றது.

வியாழன். ஆறு மணி. மூடுபனி.
நீ, நீ என்று எண்ணிக்கொண்டே போனவன்
இருபதில் நிறுத்தி அவரைத் தேடினேன்.
வழக்கமான இடம்தான், இரும்புத் தூணுக்குப் பக்கத்தில்,
குனிந்து, பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டு.

என்றைக்கும் அப்படித்தான்.
என் விரல் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து
அவருக்குக் கயிறு அவிழும்.
எட்டு விரலால் கட்டுகிறவர், தாமதமாகும்
என்று நினைத்திருந்தேன்.

அவிழாத கயிறு அது.
நான் கண்ணைத் தாழ்த்த வேண்டியிராதபடி
அவர் தாழ்ந்துகொள்கிறார்.
எத்தனை விடியற்காலை எனக்குப் படியளந்திருக்கிறார்,
நான் ஒரு மணி நேரம்கூட உழைக்காத தோட்டத்திலிருந்து.

"சீக்கிரம் கங்காணி, பனி விலகுது" என்கிறான் எவனோ.
ஒலெகாரியோ, என்றேன்.
அந்தக் கதவில் இதுவரை
யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
அவர் நிமிரவில்லை.
போட்ட முடிச்சைப் பிரித்து
மறுபடி போட்டுக்கொண்டிருந்தார், மெதுவாக,
இரண்டு விரல் இல்லாத கையால்.

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நின்றேன்.