ஒப்பீட்டு மாதிரி

காட்டுப்பன்றியின் மூக்கு
இறந்த பிறகும் கொஞ்ச நேரம் ஈரமாகவே இருக்கிறது.
மண்டாய் சாலையில் லாரி அடித்துப்போட்டது,
விடியற்காலை நாலே முக்காலுக்கு.
ஆறு மணிக்கு நான் குனிந்திருக்கிறேன்.
கையுறை, பஞ்சுக்குச்சி, குளிர்ப்பெட்டி.
இடது துவாரத்தில் மூன்று சுற்று,
வலது துவாரத்தில் மூன்று சுற்று.
பன்றி என்றால் டார்ச் மட்டும் பிடிப்பேன் என்பது
ஹஸ்லிண்டா எனக்குச் சொல்லிவைத்த ஒப்பந்தம்.
இன்று முகத்தையும் திருப்பிக்கொண்டாள்.
நாற்றத்துக்காக இல்லை என்றாள்.
இவ்வளவு நீளமான இமைமயிரை
அது எதற்கு வைத்திருந்தது என்றாள்.

கிராஞ்சி ஆடுகள் வேறு மாதிரி.
குச்சியைக் கண்டால் தின்ன வருகின்றன.
செவத்தையா கொம்பைப் பிடித்துக்கொள்கிறார்,
பெருவிரலில் அழுக்கேறிய கட்டு.
என்ன அது?
கொப்புளம் மேடம். தானாப் போயிரும்.
அவர் மூக்கிலும் எடுத்தேன்.
தும்மினார்.
ஆடும் தும்மியது.
முதலில் யார் என்று குறிக்கப்
படிவத்தில் கட்டமில்லை.

திரும்பும் பேருந்து கண்டாங் கெர்பாவ் வழியாகப் போகிறது.
எருமைக் கொட்டில் என்று பொருள்.
எருமைகள் எப்போதோ போய்விட்டன.
பெயர் மட்டும் நின்ற இடத்தில்
அசை போட்டுக்கொண்டிருக்கிறது.
மடியில் குளிர்ப்பெட்டி.
பக்கத்து இருக்கைப் பையன் கேட்டான்,
ஐஸ்கிரீமா ஆன்ட்டி?

ரத்த அகாரில் ஓர் இரவு.
முப்பத்தைந்து பாகைச் சூடு.
காலையில் தட்டெங்கும் பொன் பொட்டுகள்.
ஒவ்வொன்றைச் சுற்றியும்
வெளிச்சமாய் ஒரு வளையம்,
அது ரத்தத்தைத் தின்று முடித்த இடம்.
நுண்ணோக்கியின் கீழே
ஊதாநிறத் திராட்சைக் கொத்து.
இதற்குப் பெயர் வைத்தவருக்கு
அன்று சாப்பிட நேரமில்லாமல் போயிருக்கும்.

மருந்து வில்லை விழுந்த இடத்தைச் சுற்றி
ஒன்றும் முளைக்கக் கூடாது.
பன்றியின் தட்டில் முளைக்கவில்லை,
பெரிய சுத்தமான வட்டம்,
எந்த மருந்தையும் அறியாத காட்டுப் பிறவி.
ஆட்டின் தட்டில் வட்டம் சிறியது.
பதினேழாம் எண், புக்கிட் தீமாக் குரங்கு,
அதன் தட்டில் வட்டமே இல்லை.
வில்லையின் விளிம்புவரை வந்து
மொய்த்துக்கொண்டிருந்தது.

டாக்டர் லியூ கண்ணாடியைக் கழற்றினார்.
இது மரத்தில் பிறந்ததில்லை என்றார்.
இது வார்டில் பிறந்தது.

ஒப்பீட்டுக்கு என்று
எங்கள் மூக்கிலும் எடுத்திருந்தோம்.
மாதிரி நாற்பத்தொன்று, நான்.
பதினேழும் நாற்பத்தொன்றும்
திரையில் பக்கத்தில் பக்கத்தில்,
எழுத்துக்கு எழுத்து ஒன்றாக ஓடின
ஒரே கையெழுத்தில் எழுதிய இரண்டு கடிதம் போல.

மாமியாரின் இடுப்பு ஆபரேஷன்.
ஆறாத புண்ணுக்கு
இருபத்திரண்டு நாள் கட்டு மாற்றிய கை இது.
ஜூனில் கார் நிறுத்துமிடத்தில்
நான் கடித்த மிச்சம் பாதி வடையை
அந்தக் கையிலிருந்துதான் அது பறித்தது.
குரங்குக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று
பலகையில் நான்கு மொழியில் இருந்தது.
நான் கொடுக்கவில்லை.
அது எடுத்துக்கொண்டது,
கூடவே இதையும்.

அறிக்கையில் ‘மூலம்’ என்ற கட்டத்துக்கு
மூன்று விடைகள்தான் கொடுத்திருக்கிறார்கள்:
வனவிலங்கு. கால்நடை. தெரியவில்லை.
சுட்டி மூன்றுக்கும் நடுவே
மின்னிக்கொண்டு நின்றது.
சேமிக்காமல் மூடிவிட்டு,
முழங்கைவரை கழுவினேன்.
மூக்கை எப்படிக் கழுவுவது?

வீட்டில் மகள் தூக்கத்தில்
என் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டாள்.
நகர்த்தப் போனேன்.
நகர்த்தவில்லை.

மறுநாள் கிராஞ்சியிலிருந்து போன்.
மேடம், ஆட்டுக்கு ஒண்ணும் இல்லையே?
அவர் மூக்கில் இருந்ததும்
ஆட்டின் மூக்கில் இருந்ததும் ஒன்றே.
ஆடு நல்லாருக்கு என்றேன்.
விரலை இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.
அந்தப் பக்கம் மணிச்சத்தம், கனைப்பு,
வாளியில் பால் விழும் ஓசை.
கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் கறக்கிறாரோ?

லீவு கேக்கணுமே மேடம், என்றார்.