லூஸ் காண்டாக்ட்

பென் டிரைவில் அது பதினான்காவது.
பதின்மூன்று, பூவோடு எடுக்கையில் போடுவது.
பதினைந்து, சீர்த்தட்டு மண்டபத்துக்குள் நுழையும்போது.
செல்போன் கடைப் பையன்
அப்படித்தான் ஏற்றிக் கொடுத்தான்.

குன்னத்தூர் சந்தைத் திடல்.
பெண்கள் கபடி, இறுதி ஆட்டம், இரவு பத்தே முக்கால்.
போகஸ் லைட் நான்கு,
அதில் ஒன்றை ஈசல்கள் எடுத்துக்கொண்டன.
"ஏனுங் மைக் செட்டு, தேசிய கீதம் இருந்தாப் போடுங்"
என்றார் கோப்பைக்குப் பணம் கொடுத்த
பனியன் கம்பெனிக்காரர்.
டிவியில் எல்லா மேட்சுக்கும் போடுகிறார்களாம்.

அங்கே நாட்டோடு நாடு மோதும்.
இங்கே ஊத்துக்குளியோடு குன்னத்தூர்.
நடுவில் இருக்கும் எல்லை
டவுன் பஸ்ஸில் பதினைந்து ரூபாய்,
பெண்களுக்கு அதுவும் இல்லை.

போட்டேன்.
முதல் வரியிலேயே கரகரப்பு.
ஆம்ப்ளிஃபயரின் முதுகில் சொருகியிருக்கும் பின்
மூன்று வருடமாக லூஸ்.
குனிந்து பெருவிரலால் அழுத்திப் பிடித்தால் பாடும்.
நிமிர்ந்தால் நின்றுவிடும்.

ஊரே விறைத்து நிற்க
நான் மட்டும் குனிந்திருந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் கால்கள்தான் தெரியும்.
பதினான்கு ஜோடி.
முட்டிக்கு உறை போட்டவை, கிரேப் துணி சுற்றியவை,
கொலுசு கழற்றிய தடம்,
பாதி உதிர்ந்த நகப்பூச்சு.
ஓடிச் சூடாக்கிய சதையெல்லாம்
பனிக்காற்றில் ஆறிக்கொண்டிருந்தது.
ஒரு கெண்டைக்கால் தானாகத் துடித்தது,
அதன் சொந்தக்காரி அதட்டி அடக்கப் பார்த்தாள்.

ஊத்துக்குளி ஏழாம் நம்பர், ஜுனு மாஜி.
ஒடிசாவிலிருந்து நூல் மில்லுக்கு வந்தவள்.
அவள் கட்டைவிரல் மட்டும்
மண்ணில் தாளம் போட்டது.
உதடு அசைந்ததா என்று
நான் இருந்த உயரத்துக்குத் தெரியவில்லை.
வேறு யாரும் பாடவில்லை.
பெட்டி பாடியது, ஊர் நின்றது.

கபடிக்கும் பாட்டு உண்டு, ஒரே சொல்.
அவரவர் மூச்சில் அவரவரே பாட வேண்டும்.
இரவல் கிடையாது.
விட்டால் அவுட்.

"டேய் மைக் செட்டு! எந்திரிச்சு நில்றா!"
தானும் அசையாமல்
பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார் கம்பெனி மேனேஜர்.

எழுந்து நின்றேன்.
பாட்டு நின்றது.

முடிந்ததா முடியவில்லையா
யாருக்கும் தெரியவில்லை.
முதலில் அசைகிறவன் யார் என்று
எல்லோரும் எல்லோரையும் கடைக்கண்ணால் பார்த்தார்கள்.
பஜ்ஜி கருகும் வாசனை.
எண்ணெய்க்கு முன்னால்
கரண்டியும் கையுமாகச் சிலையாகியிருந்தார் கடைக்காரர்.
செவலை நாய் ஒன்று
நடுக்கோட்டைத் தாண்டிப் போனது,
போனஸ் கோட்டை மோந்தது,
யாரும் பிடிக்கவில்லை,
நிதானமாகத் திரும்பி வந்தது.

நிற்பதா, பாடவைப்பதா?
குனிந்தேன்.

பெட்டிக்குள் அது நிற்கவே இல்லை போல,
சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.
அழுத்தியதும் வந்தது வால் மட்டும்.
அடுத்த நொடி, பதினைந்தாவது:
கெட்டிமேளம், நாதஸ்வரம்.

சீர்த்தட்டு நுழைகிறது.
பதினான்கு பேரும் விறைப்பாகத்தான் நிற்கிறார்கள்.
மேனேஜரும்.

ஜுனுதான் முதலில் சிரித்தாள்.
அப்புறம் குன்னத்தூர் லெப்ட் கார்னர் பவிஷா,
அப்புறம் திடல்.
நடுவர் விசில் ஊதியும் அடங்கவில்லை.

முதல் ரைடே ஜுனு.
பவிஷா பாய்ந்து பிடித்த கணுக்கால்
ஈரச் சோப்பு மாதிரி நழுவியது.
ஆறிப்போன கை, என்ன செய்யும்?
யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை,
கணக்கு முடிப்பதில் இருந்தேன்.
பேசியது இரண்டாயிரம், கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு.
மரியாதை தெரியாததற்கு இருநூறு.

வரும் ஞாயிறு கவுந்தப்பாடியில் வாலிபால்.
பாட்டு உண்டா என்று கேட்டேன்.
உண்டு என்றார்கள்.

பையனைக் கூட்டிப் போய்
பின்னை அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம்.
நான் நிமிர்ந்து நிற்கலாம்.
அவனைத் திட்டுவார்கள்.