எடைமேடை

ஐம்பத்தாறு டன் வரை போகலாம் என் லாரி.
கூடினால் நெடுஞ்சாலை எடைமேடையில் ஓரங்கட்டி
அபராதச் சீட்டு நீட்டுவார்கள்.
ஓட்டுகிறவனை யாரும் ஏற்றி நிறுத்தியதில்லை.
நூற்று முப்பத்தொரு கிலோ.

பதினேழு வருடம், டர்பன் துறைமுகம், ஜோபர்க், மறுபடி டர்பன்.
ஹாரிஸ்மித்தில் சிப்ஸ்.
சாட்ஸ்வொர்த் திரும்பினால்
குடைந்த ரொட்டி வழிய மட்டன் கறி,
இறக்கிவிட இரண்டு லிட்டர் கோக்.

ஏழு வருடமாகக் கசப்பெல்லாம் சலோஷ்னிதான் குடித்தாள்.
ஸ்கேன் அவளுக்கு, சின்ன ஆபரேஷன் அவளுக்கு,
காவடிக்குப் பத்து நாள் விரதமும் அவளே.
எனக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி மட்டும்.
அதற்கே ஏழு வருடம் எடுத்துக்கொண்டேன்.
சூடு ஆறக்கூடாதென்று சட்டைக்குள் வைத்து ஓடினேன்,
கோழிக்குஞ்சைக் கொண்டுபோகிறவன் மாதிரி.

டாக்டர் நொமுசா பேனாவால் என் வயிற்றைக் காட்டினார்.
"இது சும்மா கிடக்கிற மூட்டை இல்லை.
வேலை செய்கிறது.
உங்கள் டெஸ்டோஸ்டிரோனை எடுத்து
ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டிருக்கிறது.
அதைப் பார்த்த மூளை, போதும் போலிருக்கிறதே என்று
கீழே உத்தரவு அனுப்புவதைக் குறைத்துவிட்டது."

சிரித்தேன். வேறென்ன செய்ய.
எனக்குத் தெரியாமல் எனக்குள் ஒருவன்
நைட் ஷிப்ட் பார்க்கிறான்,
சரக்குக்கு லேபிள் மாற்றி ஒட்டிக்கொண்டு.

திரும்பும்போது அவள் ஓட்டினாள்.
ரேடியோவைக் கூட்டினாள்.
சிவப்பு விளக்கில் அணைத்தாள்.

ஞாயிறு, தங்கை மகனுக்குப் பெயர் வைக்கும் நாள்.
பிரியாணிக் கரண்டியோடு டோலி அத்தை அவளிடம்,
"அந்த வேரை இன்னொரு தரம் காய்ச்சிக் குடிச்சுப் பாரேன்."

"குறை என்கிட்ட."
நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.
ஃப்ரிட்ஜ் இரைவது கேட்டது.
என்ன செய்வதென்று தெரியாமல் அத்தை
என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

கார்களுக்கு நடுவே தேசிகன் பின்னாலேயே வந்தான்.
பெல்ட்டை மறைக்கும் தொந்தி அவனுக்கும்.
அவன் மனைவியும் அந்த வேரைக் குடித்தவள்தான்.
தரையைப் பார்த்தபடி கேட்டான்,
"அந்த டாக்டர் நம்பர் இருக்கா?"

ஒரு விந்தணு உருவாகி வர
எழுபது நாளுக்கு மேல் ஆகுமாம்.
மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணலாம் என்றிருக்கிறார்.
நிறுத்துமிடங்களில் லாரியைச் சுற்றி நடக்கிறேன்,
சக்கரம் சக்கரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு.
காண்பவர்கள் டயரைச் சோதிக்கிறேன் என்று நினைப்பார்கள்.
இன்று நூற்று இருபத்தாறு.

வேரை அவள் குப்பையில் கொட்டிவிட்டாள்.
காய்ச்சிய பாத்திரத்தை நான்தான் தேய்க்கிறேன்.
அடியில் அந்தக் கறுப்பு
இன்னும் போகவில்லை.